ஊசியம்மா வீட்டுப் புழுப்பெட்டி

கால்நடை மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரின் பெயர் தெரியாது. ஊசியம்மாவைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அங்கே உதவியாளர் வேலை. மாட்டைப் பிடித்துக் கட்டுவது, நாயின் வாயைப் பிளந்து மாத்திரையை உள்ளே தள்ளுவது, மேஜையைக் கழுவுவது, டாக்டர் கை நீட்டும்போது ஊசியை எடுத்துக் கொடுப்பது, அடுத்த மருந்துக்குத் தேதி போட்டுச் சீட்டு எழுதுவது எல்லாம் அவள்தான். அந்தப் பெயர் கையிலிருக்கும் ஊசியால் வந்ததா, வாயால் வந்ததா என்று கேட்டால் அங்கே யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் அவள் பேச்சு அப்படி. நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், "மூணு நாளா நீங்க சாப்பிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் நாயைத் தொடுவாள். தப்பு யார் மேல் இருந்தாலும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். தன் மேல் இருந்தால் மட்டும் பார்வை கொஞ்சம் மங்கிவிடும். சும்மா சொல்லக் கூடாது, அவள் வாயிலிருந்து "என் தப்புதான்" என்று ஒரு சொல் வந்ததை அந்த மருத்துவமனையில் கேட்டவர்கள் யாருமில்லை. வீட்டிலும் இல்லை.

வீட்டில் இருப்பது அவளும் கணவரும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி, இரண்டாவது மாடி. கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் ஒரே டிப்போ, ஒரு விபத்து கிடையாது. தெருவில் எல்லாரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, வண்டியை எடுப்பதற்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளாஸ் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, பேச்சு திரும்பியது. வலது கையும் வலது காலும் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டன.

அதற்கு முன் அந்த வீட்டில் சண்டை இல்லாத நாள் இருந்ததே இல்லை. பெரிய விஷயத்துக்கெல்லாம் இல்லை. துண்டை எங்கே போட்டது, குழாயை யார் மூடாமல் விட்டது, அவளுடைய அண்ணன் போன வருடம் என்ன சொன்னான் என்று ஏதாவது. அவள் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார், அவள் அதை நாலாக்குவாள். கீழ்வீட்டு டீச்சர் ஆரம்பத்தில் பயந்துபோய்ப் படியேறி வந்து பார்த்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது. சண்டை முடிந்த கையோடு இரண்டு பேரும் ஒரே தட்டில் நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டால் யார்தான் பயப்படுவார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த அன்றே ஊசியம்மா ஒரு முடிவு எடுத்தாள். இனி இந்த மனிதரை ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர் பாலைக் கொட்டினார், "பரவாயில்ல" என்றாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார், "பரவாயில்ல, நான் போட்டு விடறேன்" என்றாள். நாள் முழுக்க ஊரையே திட்டிவிட்டு வருகிறவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அவரும் எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். பிசியோதெரபி செய்ய வருகிற பெண், பிடித்துப் பிடித்து விடச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அதை இடது கையால் தெருவில் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "பரவாயில்ல, வேற பந்து வாங்கிக்கலாம்" என்றாள் ஊசியம்மா. அவர் திரும்பவேயில்லை.

புழுப்பெட்டி வந்தது அவருக்காக இல்லை. பால்கனியில் வைத்திருந்த தக்காளிச் செடிகள் சோம்பிப்போய் நிற்கின்றன என்று கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவிடம் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள். டாக்டரம்மா வயதில் இவளைவிடச் சின்னவர், ஆஸ்பத்திரியின் பின்பக்கம் மண்புழு வளர்க்கிறவர். ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் புழுக்களை அள்ளிக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடியில் ஓட்டை போட்டு வளர்க்கச் சொன்னார். வீட்டில் வெயில் படாத இடம் ஒன்றே ஒன்றுதான், டிரைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில். அங்கே வைத்தாள்.

"என்ன கருமம் இது?" என்றார் டிரைவர். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"புழு. சாயங்காலம் காய்த் தோல் இருந்தா போடுங்க. எனக்கு நேரமில்ல." சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் பழைய செய்தித்தாள் பாதி அறைக்குப் பரவிக் கிடந்தது. புழுக்களுக்கு ஈரமான காகிதப் படுக்கை வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அவர் படித்திருக்கிறார். காகிதத்தைக் கிழிக்க இரண்டு கை வேண்டும். இடது கை பிடிக்க, வலது கை இழுக்க, ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு பெட்டி அவருடையதாகிவிட்டது. அவளைத் தொடவிடுவதில்லை. உருளைத் தோலைப் பொடியாக நறுக்கினார். முட்டை ஓட்டைக் காயவைத்து இடித்தார். எலுமிச்சைத் தோல், வெங்காயம், எண்ணெய், உப்பு பட்டது எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது என்று அவளுக்கே சட்டம் போட்டார். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியை ஒரு ஸ்டூலில் ஏற்றி, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார். படுக்கையில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிய வேண்டும். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் அதிகம். அதை அவர் வலது கையால்தான் பிழிந்தார். முதலில் ஒரு சொட்டும் வரவில்லை. நாலாவது மாதம் சொட்டு விழுந்தது. பந்தைத் தூக்கி வீசிய மனிதர் கைநிறைய அழுகல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பிழிவதைப் பார்த்துவிட்டு, பயிற்சி கொடுக்க வருகிற பெண் இனிமேல் பந்து வேண்டாம் என்று எழுதிக்கொண்டாள்.

கீழ்ப் பெட்டி நிறைந்ததும் மேல் பெட்டியில் தீனி வைப்பார். வாசம் பிடித்துப் புழுக்கள் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக மேலே ஏறும். டிரைவர் மூடியைத் தூக்கிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா? உள்ள தள்ளிப் போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்பார். கீழே மிஞ்சுவது கறுப்பாக, காப்பித்தூள் மாதிரி, மழை பெய்த மண் வாசத்தோடு இருக்கும். அதில் ஒரு டப்பா வாங்கிப்போய்த் தன் ரோஜாத் தொட்டிகளில் போட்டார் கீழ்வீட்டு டீச்சர். ரோஜா என்ன பூ பூத்ததோ தெரியாது, டீச்சர் குடியிருப்போர் சங்கத்தில் போய்ப் பேசினார். மதில் ஓரமாக இருபது மரக்கன்று நடப் போகிறார்கள். குழிக்கு ஒரு டப்பா உரம்.

"டிரைவர் அண்ணன்தான் தரணும். கடை உரமெல்லாம் வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் டீச்சர், வாசலில் நின்று.

ஒன்றரை வருடமாக யாரும் டிரைவரிடம் ஒரு வேலை கேட்டதில்லை. "எப்போ வேணும்?" என்று கேட்டார்.

"மாசக் கடைசியில நடறோம்ணே."

"தர்றேன்."

கையிலிருந்தது ஆறு டப்பாவுக்குத்தான். அவர் தூக்கமில்லாமல் கணக்குப் போட்டார். ஊசியம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இந்த இருபது டப்பாவும் எப்படியாவது நிறைந்துவிட்டால் மனிதர் தேறிவிடுவார் என்று அவள் மனசில் ஓர் எண்ணம் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

அந்தத் திங்கட்கிழமை டாக்டரம்மாவோடு குதிரை லாயத்துக்குப் போனாள். எட்டுக் குதிரைகளுக்குக் குடற்புழு மருந்து. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் பசை மாதிரி வரும். நாக்கின் மேல் வைத்து அழுத்த வேண்டும். எட்டுக்கும் அவள் கையாலேயே கொடுத்தாள், எட்டுச் சீட்டு எழுதினாள். வியாழக்கிழமை லாயக்காரர் ஒரு குதிரையின் காலில் காயம் என்று வந்தபோது, "நல்ல சாணமா ஒரு சாக்கு குடுங்களேன்" என்று கேட்டாள். புழுவுக்குக் குதிரைச் சாணத்தைப் போல வேறில்லை என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. லாயக்காரருக்கு வலிக்கவா போகிறது? அன்று சாயங்காலமே சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தனுப்பினார். அதைக் காலுக்கடியில் வைத்து, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தியதைச் சட்டை செய்யாமல், வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் புழு என்றால் கொல்ல வேண்டியது. வீட்டில் புழு என்றால் வீட்டு ஆள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து யோசிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

டிரைவர் சாணத்தை முகர்ந்து பார்த்தார், விரலால் உதிர்த்துப் பார்த்தார். "ஒரு கை போட்டுப் பாக்கலாம். ரெண்டு நாள் விட்டு மிச்சம்."

"ஒரு கைல என்னாகும்? மாசக் கடைசி வந்துரும். நிறையப் போடுங்க. அதுங்க என்ன பத்தியச் சாப்பாடா சாப்பிடுது?"

அவர் தயங்கினார். பிறகு போட்டார். இரண்டு பெட்டியிலும் மூன்று விரற்கடை உயரத்துக்குப் போட்டார். தண்ணீர் தெளிக்கக் குவளையை வலது கையில் எடுத்தார். கை பாதியில் துவண்டது. குவளைத் தண்ணீர் மொத்தமும் மேல் பெட்டிக்குள் கொட்டியது. அவர் அவளைப் பார்த்தார்.

"பரவாயில்ல" என்றாள்.

சனிக்கிழமை காலை மூடியைத் திறந்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊசியம்மா பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். பெட்டிச் சுவரில் ஏறித் தப்பிக்கப் பார்த்தவை அங்கேயே காய்ந்து ஒட்டியிருந்தன. உள்ளே இருந்தவை ஊதி, வெளிறி, நூல் நூலாகக் கிடந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கிளறிப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

"தண்ணியில மூழ்கிருச்சு" என்றார் டிரைவர். "இந்தக் கைதான் கொன்னுச்சு."

"பரவாயில்ல விடுங்க. புழுதானே."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். அன்று பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, "டீச்சர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிரு" என்றார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. வலது கையைப் போர்வைக்கு அடியில் தள்ளி, உடம்பின் பாரத்தை அதன் மேல் போட்டுப் படுத்திருந்தார். மறுபடியும் அந்தச் சுவர், மறுபடியும் அந்த முதுகு. இன்னொரு தடவை இதிலிருந்து இவரை எழுப்ப எதைக் கொண்டுவந்து வைப்பது என்று ஊசியம்மாவுக்குத் தெரியவில்லை. பயந்தாள். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுப் புழுவெல்லாம் எப்படிக்கா இருக்கு?"

"எல்லாம் போச்சு டாக்டரம்மா. அவரு கை தவறித் தண்ணியைக் கொட்டிட்டாரு."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு குவளை."

"ஒரு குவளைக்கு எப்படிக்கா சாகும்? அடியில ஓட்டை இருக்கு, வடிஞ்சிருக்கும்." டாக்டரம்மா துண்டை எடுத்தார். "புதுசா என்ன தீனி போட்டீங்க?"

"குதிரைச் சாணம். நம்ம லாயத்துல..."

அவள் பாதியில் நிறுத்தினாள். டாக்டரம்மா துண்டோடு அப்படியே அவளைப் பார்த்தார். எட்டு நாக்கின் மேல் எட்டு சிரிஞ்சை அழுத்தியது அவள் கண்முன் வந்தது.

"மருந்து சாணத்துலதான்க்கா வெளிய வரும்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "ரொம்ப நாளைக்கு வரும்."

"தெரியும்" என்றாள் ஊசியம்மா. தெரியும்தான். அதுதான் கொடுமை.

"என் பெட்டியிலேர்ந்து ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க. யாருக்கும் சொல்லத் தேவையில்ல."

சொல்லத் தேவையில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தையையே புரட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கழுவி, புதுப் புழுவை விட்டு, "பாருங்க, கொஞ்சம் பிழைச்சிருச்சு" என்றால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? அவள் பெயர் கெடாது. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றதில்லை, இனியும் நிற்க வேண்டாம். ஆனால் தன் கைதான் கொன்றது என்று அவர் நம்பிக்கொண்டே இருப்பார். புதுப் புழு வந்தாலும் அந்தக் கையால் ஒரு குவளையைத் தொட மாட்டார். டீச்சர் மறுபடி வந்து கேட்டாலும், தன்னால் ஆகாது என்பார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தன்னைத் தானே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்களை இல்ல" என்றாள்.

டப்பா எதுவும் கையில் இல்லாமல்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றினாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"புழு தண்ணியில சாகல" என்றாள்.

முதுகு அசையவில்லை.

"மருந்துல செத்துச்சு. அந்தக் குதிரைங்களுக்குப் புழு மருந்து குடுத்திருக்கு. குடுத்தது நான்தான். மூணு நாள் கழிச்சு அந்தச் சாணத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்ததும் நான்தான். ஒரு கை போட்டுப் பாக்கலாம்னு நீங்க சொன்னீங்க. நிறையப் போடச் சொன்னது நான். என் தப்புதான்."

டிரைவர் தலையை மட்டும் திருப்பினார்.

"என் கை இல்லையா?"

"உங்க கை இல்ல."

"அந்தக் குவளைத் தண்ணி?"

"அது வடிஞ்சிருச்சு. டாக்டரம்மாவே சொன்னாங்க."

போர்வைக்கு அடியிலிருந்து அவர் வலது கையை வெளியே எடுத்தார். விரல்களை விரித்துப் பார்த்தார், மூடிப் பார்த்தார். அதே கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவள் பிடிக்கப் போனாள்.

"தொடாத" என்றார். "அப்படியே நில்லு. இருபத்திரண்டு வருஷமா புழு மருந்து குடுக்கறவ நீ. ஊர்ல இருக்கற நாய், மாடு, குதிரை எல்லாத்துக்கும் தேதி போட்டுச் சீட்டு எழுதறவ. மூணு நாள் எண்ணத் தெரியாதா உனக்கு? ஒரு கை போட்டுப் பாக்கலாம்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"கேட்டியா?"

"கேக்கல."

"எங்க கேப்ப? நீ யார் பேச்சைக் கேட்டிருக்க? வந்த நாள்லேர்ந்து இதே கதைதான். குழாயை மூடாம போறது நீ, என்னைச் சொல்றது. மூணு நாளா மனுஷன் செத்துப் பிழைச்சுக் கிடக்கறேன், பரவாயில்ல பரவாயில்லன்னு கிளிப்பிள்ளை மாதிரி. என்னடி பரவாயில்ல? எனக்கு எரியும் அந்த வார்த்தையைக் கேட்டா. ஒன்றரை வருஷமா எரியுது."

குரல் ஏற ஏற நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. அண்ணன் கதைவரைக்கும் போனார். ஊசியம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் நின்றாள். இவ்வளவு திட்டு வாங்கியும் மனசு இப்படி லேசாகுமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். முகத்தில் காட்டினால் அதற்கும் ஒரு திட்டு விழும் என்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. திறந்தால் கீழ்வீட்டு டீச்சர், மூச்சு வாங்க நின்றார். "என்னக்கா சத்தம்? ஏதாவது ஆயிருச்சா?"

"சண்டை, டீச்சர்" என்றாள் ஊசியம்மா.

டீச்சர் அவள் முகத்தையும் உள்ளே தெரிந்த டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டிலிலிருந்து டிரைவர், "டீச்சர், ஆறு குழிக்குத்தான் இப்போ உரம் இருக்கு. மிச்சத்துக்கு நாள் ஆகும். காத்திருக்கறதா இருந்தா இருங்க" என்றார்.

"இருக்கோம்ணே" என்றார் டீச்சர்.

அவர் போனதும் ஊசியம்மா கதவைச் சாத்தினாள். "பெட்டியைக் கழுவி வெயில்ல காய வெக்கறேன். டாக்டரம்மா புழு தர்றேன்னாங்க. நாளைக்கு எடுத்துட்டு வந்துர்றேன்."

"நீ ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம். நான் வர்றேன். உன்னை நம்பி அனுப்பினா வர்ற வழியில அதுங்களுக்கும் ஒரு மருந்து குடுத்துருவ."

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர இந்த ஒன்றரை வருடத்தில் அவர் படி இறங்கியதில்லை. இறங்கியபோதெல்லாம் இரண்டு ஆள் பிடித்திருக்கிறார்கள். பஸ்ஸில் சீட்டு எடுத்து உட்காருவதா என்று பஸ் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்தவர்.

"பஸ்ஸுலதான் போகணும்" என்றாள்.

"பின்ன, உங்க குதிரையிலயா? அந்த நீலச் சட்டையைத் தேய்ச்சு வை."

அலமாரியின் அடித்தட்டில், டிப்போவுக்குப் போட்டுக்கொண்டு போகும் அந்த யூனிபார்ம் சட்டை ஒன்றரை வருடமாக மடித்து வைத்தபடியே கிடந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேஜையில் துணி விரித்து, சட்டையைப் போட்டாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டேதான் தேய்த்தாள்.

"காலரை ஒழுங்காத் தேய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஊசியம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேய்க்கத் தெரியும் எனக்கு. வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள்.